மலை ஏறினால் குதிப்பு வருமா?

“மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜிம் எதற்கு? மலையே போதுமே!”

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பாடசாலைக் கரப்பந்தாட்ட அணிகளைப் பயிற்றுவிப்போர் பலரிடமிருந்து நான் நீண்ட காலமாகக் கேட்டுவரும் வாசகம் இது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. செலவில்லாத தத்துவம் ஆதலால் அதிபர்மாருக்கும் பிடித்திருக்கிறது. பெற்றாருக்கும் சம்மதமே. ஆனால் இது பொய். வெறும் பொய்யாக இருந்துவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். பிள்ளைகளின் முழங்கால்களை விலையாகக் கேட்கும் பொய் இது என்பதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

நான் பயிற்றுநன் அல்லன். பேராதனையில் கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைக்குள் நுழைந்தவன். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கி அரசியல் பக்கம் வரை அலைந்தவன். “உமக்கென்ன தெரியும்?” என்று கேட்கும் உரிமை எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் உண்டு. எனக்கு வாசிக்கத் தெரியும், எண்ணத் தெரியும் என்பதே அதற்கு என் பதில். இந்த விடயத்திற்கு அவ்விரண்டும் போதுமானவை என்பதைக் கீழே காண்பீர்கள்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி வளைந்து செல்லும் பக்கமாக மாலை நேரத்தில் நடப்பது என் வழக்கம். சமதரை கிடைப்பதே அரிதான ஊர் இது. கிடைக்கும் துண்டு நிலத்தில் ஒரு வலையைக் கட்டிவிட்டால் அது கரப்பந்தாட்ட மைதானம். 1991 இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது கரப்பந்தாட்டம் அல்லவா? கிரிக்கெட்டுக்கு இருக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு இல்லாவிட்டாலும், ஏழைப் பாடசாலைகள் துணிந்து ஆடக்கூடிய ஆட்டம் அதுவே. ஒரு பந்து, ஒரு வலை, பன்னிரண்டு பிள்ளைகள்.

அத்தகைய மைதானம் ஒன்றில் (எந்தப் பாடசாலை என்பது இங்கே முக்கியமன்று) நான் கண்ட பயிற்சியைச் சொல்கிறேன். முதலில் மைதானத்திலிருந்து மேல் வீதி வரையுள்ள படிக்கட்டில் பத்துத் தரம் ஏறி இறங்கல். பின்னர் மைதானத்தைச் சுற்றித் தவளைப் பாய்ச்சல். அதன் பின்னர் வலையோரத்தில் நின்று இரு கைகளையும் உயர்த்தி ஐம்பது குதிப்பு, சற்று மூச்சு வாங்கி மீண்டும் ஐம்பது, மீண்டும் ஐம்பது. யாராவது பந்தைத் தவறவிட்டால் தண்டனையாக இன்னும் இருபது. நான் ஒரு பிள்ளையை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து எண்ணினேன். தவளைப் பாய்ச்சலைச் சேர்க்காமலேயே இருநூற்று எழுபதைத் தாண்டியது. கடைசி ஐம்பதில் அந்தப் பிள்ளையின் பாதங்கள் தரையை விட்டு ஒரு சாண் கூட எழவில்லை. முழங்கால்கள் இரண்டும் உட்புறமாக மடிந்து ஒன்றையொன்று உரசின.

பயிற்சி முடிந்ததும் பயிற்றுவிப்பாளருடன் பேசினேன். நல்ல மனிதர். சம்பளமின்றி, வேலை முடிந்து வந்து பயிற்றுவிக்கிறவர். “ஐயா, வாந்தி எடுக்கும் வரைக்கும் விடமாட்டேன். அப்பத்தான் கால் உரம் ஏறும்” என்றார். அவர் முகத்தில் கொடுமை இல்லை, பெருமைதான் இருந்தது. தனக்கு யார் கற்பித்தார்களோ அவர்களிடமிருந்து கற்றதை அப்படியே கொடுக்கிறார். என் சண்டை அம்மனிதரோடு அன்று. நல்லவர்களையும் இப்படிப் பேச வைக்கின்ற அந்த மூடநம்பிக்கையோடுதான்.

முதலில் குதிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். நின்ற இடத்திலிருந்து ஒருவர் எவ்வளவு உயரம் எழுவார் என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: தரையை விட்டு நீங்கும் அந்தக் கணத்தில் உடல் எவ்வளவு வேகத்தில் மேல்நோக்கிச் செல்கிறது என்பது. 50 சென்ரிமீற்றர் எழுபவர் செக்கனுக்கு ஏறத்தாழ 3.13 மீற்றர் வேகத்தில் தரையை விடுகிறார். 60 சென்ரிமீற்றர் எழ வேண்டுமாயின் 3.43 மீற்றர் வேண்டும். க.பொ.த. சாதாரண தர மாணவன் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய எளிய பௌதிகம் இது. அந்த வேகத்தை உண்டாக்கக் காலுக்குக் கிடைக்கும் நேரமோ ஒரு செக்கனின் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஓடிவந்து ஒற்றைக் காலில் உயரம் பாய்பவருக்கு அதிலும் பாதி. ஆக, கண் இமைக்கும் நேரத்தில் தரையை எவ்வளவு பலமாக உதைக்க முடிகிறது என்பதே முழுக் கதையும். எத்தனை தரம் உதைக்க முடிகிறது என்பது வேறு கதை.

படிக்கட்டு ஏறுவதில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு படியிலும் கால் கொடுக்கும் விசை சிறியது. அதைக் கொடுக்க எடுக்கும் நேரம் பெரியது. எண்ணிக்கையோ மிகப் பெரியது. அதனால் விளைவது தாக்குப்பிடிக்கும் ஆற்றல். இதயத்துக்கு நல்லது, நுரையீரலுக்கு நல்லது, ஐந்து சுற்று ஆட்டத்தில் மூச்சு வாங்காமல் நிற்பதற்கும் நல்லது. மறுக்கவில்லை. ஆனால் குதிப்புக்கு உரியவை விரைந்து சுருங்கும் தசைநார்கள். அவை முதலில் களைப்படைபவை. அவை களைத்த பின்னர் குதிக்கும் ஒவ்வொரு குதிப்பும் மெதுவான குதிப்பு. மெதுவாகக் குதிப்பதை நூறு தரம் பயின்றால் மெதுவாகக் குதிப்பதில்தான் தேர்ச்சி வரும்!

மலை ஏறுவதால் குதிப்பு வருமென்றால், இந்த நாட்டில் மிக உயரமாகக் குதிப்பவர்கள் யாராக இருக்க வேண்டும்? நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர் என்று விதிக்கப்பட்டு, கூடையும் சுமையுமாகச் சரிவுகளில் ஏறி இறங்கும் நம் தோட்டத்து அம்மாமார் அல்லவா? அவர்களுடைய கால்களின் தாங்குசக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தக் கால்கள் வலைக்கு மேல் எழுவதற்குப் பழக்கப்பட்டவை அல்ல.

இன்னொரு சாட்சியையும் அழைக்கிறேன். கண்டியில் புறப்பட்டுக் கட்டுகஸ்தோட்டையைக் கடந்து அக்குறணை, மாத்தளை வழியே வடக்கே செல்லும் ஏ-9 வீதியின் மறுமுனை யாழ்ப்பாணம். மலை என்பதைப் பாடநூலில் மட்டும் பார்க்கக்கூடிய தட்டையான குடாநாடு. அங்கிருந்துதான் யாழ். மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 இல், பதினேழு வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாயச் சென்றார். 1956 இல் மெல்பேர்ன். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம். ஆசிய விளையாட்டு விழாவில் இந்தத் தீவு பெற்ற முதலாவது தங்கம் அது. 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளி. லொஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்று, 2024 இல் மறைந்தார் அந்தப் பெருமகன். ஆசியாவிலேயே உயர எழுந்த மனிதர் இலங்கையின் மிகத் தட்டையான நிலத்திலிருந்து எழுந்தார். மலைத் தத்துவக்காரர்கள் இதற்கு என்ன சொல்லப் போகிறார்கள்?

அவருக்குப் பின் இலங்கையின் உயரம் பாய்தல் 2.27 மீற்றருக்கு உயர்ந்தது. அதனைச் செய்தவர் மஞ்சுள குமார விஜேசேகர. அவர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பங்குபற்றியபோது அங்கே தங்கம் வென்றவர் சுவீடனின் ஸ்டீபன் ஹோம். ஹோமின் உயரம் 1.81 மீற்றர்தான்! நம்மூர் வீதியில் நடந்து போனால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர் மறு ஆண்டில் உள்ளரங்கில் 2.40 மீற்றர் கடந்தார். தன் தலைக்கு மேல் 59 சென்ரிமீற்றர்! இதை ஏன் சொல்கிறேனென்றால், நமது தெரிவாளர்கள் அணி எடுக்கும்போது வரிசையில் நிற்க வைத்து நெட்டையர்களைப் பொறுக்குகிறார்கள். தர்ஜினி சிவலிங்கத்தைப் போல இரண்டு மீற்றரைத் தாண்டிய ஒருவர் வலைப்பந்தாட்டத்துக்குக் கிடைத்தது நாட்டின் பாக்கியம். ஆனால் அது பிறப்பில் வந்தது. அப்படியொருவர் வருவாரென்று ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பதைப் பயிற்சித் திட்டம் என்று சொல்ல முடியாது. குதிப்பு வளர்ப்பில் வருவது. வளர்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி வளர்ப்பது? உலகம் இதனை அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்துவிட்டது. சோவியத் வீரர் வலேரி புரூமெல் 1963 இல் 2.28 மீற்றர் பாய்ந்து உலக சாதனை படைத்தார். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். தோளில் கனத்த பாரத்தை வைத்துக் குந்தி எழும் பயிற்சியை உயரம் பாய்தலின் அடிப்படையாகச் செய்து காட்டியவர் அவர். அதே நாட்டின் யூரி வெர்கோஷான்ஸ்கி உயரமான பெட்டியிலிருந்து குதித்து இறங்கி, தரை பட்ட கணத்திலேயே மீண்டும் மேலெழும் பயிற்சியை வகுத்தார். அமெரிக்கர்கள் 1970களில் அதற்குப் ‘பிளையோமெற்றிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் நம்மூருக்கும் வந்து சேர்ந்தது. பயிற்றுநர்கள் சொல்கிறார்கள், வகுப்புகளில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் வெர்கோஷான்ஸ்கி கூறிய பத்தியம் மட்டும் வழியில் எங்கோ தவறிவிட்டது! முன்னதாகப் பலப்படுத்தப்பட்ட வீரர்களுக்கு மட்டும், குறைந்த எண்ணிக்கையில், நிறைந்த ஓய்வோடு என்பது அவருடைய நிபந்தனை. பழைய கையேடுகள் இன்னும் கறாராக, உடல் எடையின் ஒன்றரை மடங்கு பாரத்தோடு குந்தி எழ முடிந்தவனே கடுமையான பாய்ச்சல் பயிற்சிக்குத் தகுதியானவன் என்றன. அந்த எல்லை அளவுக்கு மீறிய கண்டிப்பு என்று பின்னாளில் தளர்த்தினார்கள். தளர்த்தியவர்களும் ஒருபோதும் எண்ணிக்கையைத் தளர்த்தவில்லை. அமெரிக்கப் பலப்பயிற்சிச் சங்கத்தின் வழிகாட்டல், புதியவர் ஒருவருக்கு ஒரு பயிற்சி வேளையில் 80 முதல் 100 வரையான தரைதொடுகைகள் போதுமென்கிறது. நன்கு தேர்ந்தவருக்கே 140 தான். இரு பயிற்சிகளுக்கிடையில் இரண்டு மூன்று நாள் இடைவெளியும் வேண்டும். நான் எண்ணியதோ இருநூற்று எழுபது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு. வாரத்தில் ஐந்து நாள்.

“ஜப்பான்காரன் அப்படித்தானே செய்தான்?” என்று ஒருவர் என்னை மடக்கினார். 1964 இல் டோக்கியோவில் தங்கம் வென்ற ஜப்பானிய மகளிர் கரப்பந்தாட்ட அணியையும் அதன் பயிற்றுநர் ஹிரோபுமி டைமட்சுவையும் மனத்தில் வைத்துக் கேட்டார். டைமட்சு கொடூரமான உழைப்பாளிதான். ஆனால் அவர் பயிற்றியது வளர்ந்த பெண்களை. நூல் ஆலை ஒன்றின் அணியை. அவர் நள்ளிரவு வரை செய்வித்தது தரையில் உருண்டு பந்தை எடுக்கும் பயிற்சி. அது திறன். ஆயிரம் தரம் செய்தால் கைவரும். பலமோ வேறு சாதி. அது செய்த வேலையால் மட்டும் வளர்வதில்லை, செய்தபின் எடுத்த ஓய்விலும் உண்ட உணவிலும் வளர்வது. இரண்டையும் ஒரே உரலில் போட்டு இடிக்கலாமா?

இந்த இடத்தில் றொபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980 இல் வெளியிட்ட முடிவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து வாரங்கள் ஒரு குழுவினர் பலப்பயிற்சி மட்டும் செய்தனர். இன்னொரு குழுவினர் அதே பலப்பயிற்சியோடு கடும் தாங்குசக்திப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தனர். இரண்டாம் குழுவினரின் பலம் ஏறி வந்து, இறுதி வாரங்களில் ஏறாமல் நின்று இறங்கவும் தொடங்கியது. ஆகவே மாலை முழுவதும் படிக்கட்டில் ஓடவிட்டுவிட்டு “ஏன் குதிப்பு ஏறவில்லை?” என்று பிள்ளையைத் திட்டுவது... பாலைப் பூனைக்கு வைத்துவிட்டுத் தயிரைத் தேடுவதற்கு ஒப்பானது.

இனி, பாரம் தூக்கும் விடயத்துக்கு வருவோம். இங்கேதான் பெற்றாரின் முகம் மாறும். “பாரம் தூக்கினால் பிள்ளை வளராது.” இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? 1970களில், வளரும் எலும்பின் நுனித் தட்டுகளில் காயம்பட்ட சில சிறுவர்கள் பற்றி மருத்துவ ஏடுகளில் செய்திகள் வந்தன. பெரும்பாலும் மேற்பார்வையின்றித் தலைக்கு மேல் அளவுமீறித் தூக்கி விபத்துக்குள்ளானவர்கள். அந்தச் செய்தி வளர்ந்து வளர்ந்து, பாரமே வளர்ச்சியைக் கொல்லும் என்ற பூதமாகிவிட்டது. அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகம் 2008 இலும் பின்னர் 2020 இலும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: தகுந்த மேற்பார்வையில், சரியான முறையில் செய்யப்படும் பலப்பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சிக்குக் கேடு செய்வதில்லை.

அதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. குதித்து இறங்கும்போது தரை நம் உடலைத் திருப்பித் தாக்கும் விசை, உடல் எடையின் மூன்று, நான்கு மடங்கை எளிதில் எட்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு அது நூற்றைம்பது, இருநூறு கிலோவுக்குச் சமம். தோளில் இருபது கிலோ வைத்து மெதுவாகக் குந்தி எழுந்தால் “ஐயோ, முழங்கால் போய்விடும்” என்று அலறும் அதே அதிபர், அதே அப்பா, அதே அம்மா, அந்தப் பிள்ளை இருநூறு கிலோவை இருநூற்று எழுபது தரம் முழங்காலில் வாங்குவதை மதிலோரம் நின்று கைதட்டிப் பார்க்கிறார்கள். அதனைத் தாங்குவதற்கான பலத்தைக் கொடுப்பதற்குத்தான் மறுக்கிறார்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரம் 9 இல் படிக்கும்போதே பாடசாலை அணியில் இடம் பிடித்தவள். தந்தை லொறி உதவியாளர். பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் திறமைக்கென்று விசேட அனுமதி உண்டென்று யாரோ சொல்லி, அந்தக் கனவோடு ஆடியவள். தரம் 10 இல் முழங்காற்சில்லுக்குக் கீழே வலி தொடங்கியது. மாடிப்படி இறங்கும்போது கூடுதலாக வலிக்கும். “சூடு பறந்தால் சரியாகும், குதி” என்றார்கள். எண்ணெய் பூசினாள். துணியால் இறுகக் கட்டினாள். மாகாண மட்டம் வரை கட்டோடு ஆடினாள். உயர்தரம் படிக்கும் காலத்தில் தரையில் சம்மணமிட்டு அமர முடியாமற் போய், ஆட்டத்தை விட்டாள். மருத்துவர் சொன்ன பெயர் வேறெங்கும் ‘குதிப்பவரின் முழங்கால்’ என்று அழைக்கப்படும் நோய். கரப்பந்தாட்டக்காரர்களிடம் மிகச் சாதாரணம். அதற்குரிய சிகிச்சை என்னவென்று கேட்டால் வியப்படைவீர்கள்: குதிப்பைக் குறைத்து, பாரத்தோடு மெதுவாகக் குந்தி எழும் பயிற்சியைப் படிப்படியாகச் செய்வித்தல்! எதை முன்னமே கொடுத்திருக்க வேண்டுமோ அதுவே மருந்தாக வந்தது, மூன்று ஆண்டுகள் பிந்தி.

பெண் பிள்ளைகள் விடயத்தில் அலட்சியம் இரட்டிப்பாகிறது. குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் முழங்காலின் உள்நாண் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்குப் பன்மடங்கு என்பது பல ஆய்வுகள் கண்ட உண்மை. தரையிறங்கும் முறையைக் கற்பித்து, தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தினால் அந்த ஆபத்துக் குறைகிறது என்பதும் கண்ட உண்மையே. ஆனால் நம் சமூகத்தில் பாரத்தைத் தொடும் பெண்பிள்ளை ‘ஆம்பிளை மாதிரி’ ஆகிவிடுவாள். தண்ணீர்க் குடம் சுமந்தால் ஆகமாட்டாள், விறகுக்கட்டு சுமந்தால் ஆகமாட்டாள், இரும்பைத் தொட்டால் மட்டும் ஆகிவிடுவாளாம்.

“அதெல்லாம் கொழும்புப் பாடசாலைகளுக்கு. எங்களிடம் ஏது வசதி?” என்பது அடுத்த வாதம். இதை நான் மதிக்கிறேன், ஏனெனில் இதில் பாதி உண்மை. பெருந்தோட்டப் பகுதிப் பிள்ளைகளிடையே போசாக்கின்மை நாட்டின் ஏனைய பகுதிகளைவிட அதிகம். காலையில் வெறும் தேநீரும் ரொட்டியும் தின்றுவிட்டு வரும் பிள்ளைக்குப் பலப்பயிற்சி கொடுப்பதற்கு முன்னர் ஒரு முட்டை கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அவித்த கடலை, நெத்தலிக் கருவாடு, கெட்டியான பருப்பு. அதைச் செய்ய முடியாத பாடசாலை இருநூற்று எழுபது குதிப்பையும் கொடுக்கக் கூடாது என்பதே அதன் மறுபக்கம். வசதியில்லை என்பது குறைவாகவும் கவனமாகவும் செய்வதற்கான காரணம்.

மற்றப் பாதி சாக்குப்போக்கு. சாக்குப்போக்குச் சொல்கிறவர்களுக்குச் சாக்கையே மருந்தாகச் சொல்வேன். அரிசிச் சாக்கில் மகாவலி மணலை அளந்து நிரப்பி இறுகத் தைத்தால் பத்துக் கிலோ, பதினைந்து கிலோ, இருபது கிலோப் பாரங்கள் தயார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாங்கில் அமர்வதுபோல் குந்தி எழலாம். ஒரு காலைப் பின்னே வாங்கில் வைத்து மறுகாலால் குந்தி எழலாம். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதியை ஏற்றி இறக்கலாம் (படிக்கட்டுக்கு ஒரு நல்ல பயன்பாடு கிடைத்துவிட்டது பாருங்கள்!). வாரத்தில் இரு நாட்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று. சுற்றுக்கு ஆறோ எட்டோ. பிள்ளை அதை ஒழுங்காகச் செய்தால் மட்டும் அடுத்த கிழமை சற்றே பெரிய சாக்கு. முதற் சில வாரங்கள் குதிப்பில் கற்பிக்க வேண்டியது எழுவதையன்று, இறங்குவதை: சத்தமில்லாமல், முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடிய, பூனை இறங்குவதுபோல். அது வந்த பின்னரே உயரக் குதித்தல். அதையும் பயிற்சியின் தொடக்கத்தில், கால் புதிதாக இருக்கும்போது செய்ய வேண்டும். ஐந்து ஐந்தாகக் குதித்து, இடையில் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்றலைத்தான் நம் பயிற்றுநர்களால் பொறுக்க முடியவில்லை. பிள்ளை சும்மா நின்றால் சோம்பேறி, வியர்த்தால் வீரன்!

அளப்பதற்கோ ஒரு வெண்கட்டியும் ஒரு சுவரும் போதும். விரல் நுனியில் வெண்கட்டித் தூளைப் பூசி, நின்றபடி எட்டும் உயரத்தில் ஒரு கோடு, குதித்துத் தொடும் உயரத்தில் இன்னொரு கோடு, இடையிலுள்ளது குதிப்பு. டட்லி சார்ஜன்ட் என்ற அமெரிக்கர் 1921 இல் எழுதி வைத்த சோதனை இது. நூறாண்டு கடந்தும் எத்தனை பாடசாலைகளில் இதற்கொரு கொப்பி இருக்கிறது? நான் கேட்ட இடங்களில் ஒன்றிலும் இல்லை. சுழற்கிண்ணங்கள் வைக்கக் கண்ணாடி அலுமாரி இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய சீருடைக்கும், அதன் முதுகில் அனுசரணையாளர் பெயர் அச்சடிப்பதற்கும் பணம் இருக்கிறது. பிள்ளை போன மாதம் எவ்வளவு குதித்தது என்ற எண் மட்டும் எவரிடமும் இல்லை. எண் இல்லாதவிடத்தில் வியர்வையும் வாந்தியும் அளவுகோலாகிவிடுகின்றன.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் பிள்ளைகளைத் தேடி வருவது. “எட்டு வாரத்தில் குதிப்பை 10 அங்குலம் கூட்டுகிறோம், பணம் கட்டுங்கள்” என்று ஆங்கிலத்தில் கூவுவது. கோரான் மார்க்கோவிச் என்ற ஆய்வாளர் 2007 இல் இருபத்தாறு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். பாய்ச்சல் பயிற்சியால் கிடைத்த சராசரி உயர்வு குதிப்பின் வகைக்கேற்ப 5 முதல் 9 சதவீதம் வரைதான். 40 சென்ரிமீற்றர் குதிக்கும் பிள்ளை 43 குதிக்கும். அவ்வளவே. மேலதிகப் பலப்பயிற்சியும் ஆண்டுகளும் சேரச் சேர இன்னும் ஏறும். எட்டு வாரத்தில் பத்து அங்குலம் ஏறாது.

மூன்று சென்ரிமீற்றர்தானா என்று இளக்காரமாகக் கேட்காதீர்கள். மகளிர் வலையின் உயரம் 2.24 மீற்றர். நின்றபடி 2.05 மீற்றர் எட்டும் ஒரு பெண்பிள்ளை 35 குதித்தால் வலைக்கு மேலே அவளுக்கு இருப்பது 16 சென்ரிமீற்றர். பந்தின் விட்டமோ ஏறத்தாழ 21. அந்த 16 ஐ 19 ஆக்குவது, ஒரு பருவம் கழித்து 21 ஆக்குவது, எதிரணி அடிக்கும் பந்து கைக்கு மேலே பறப்பதற்கும் கையில் பட்டு மறுபக்கம் விழுவதற்கும் இடையிலான வேறுபாடு. கைவீச்சை ஒழுங்காகக் கற்பித்தாலே குதிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு கூடும். அதற்குச் சாக்கும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். பயிற்றுநர் வாயைத் திறந்து சொன்னால் போதும்.

பயிற்றுநரின் ஒரு சொல் என்ன செய்யும் என்பதைக் கட்டுகஸ்தோட்டைக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனைப் பார்த்து, “நீ சுழற்பந்து வீசு” என்றார் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தச் சிறுவன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றான். அப்பயிற்றுவிப்பாளர் முரளியை நூறு தரம் படிக்கட்டு ஏறச் சொல்லி “வேகம் வரும்” என்று காத்திருக்கவில்லை. அந்த உடலைப் பார்த்தார். அதற்கு எது பொருந்தும் என்று யோசித்தார்.

ஜனவரி பிறந்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள், அவற்றின் பின்னே கோட்டம், வலயம், மாகாணம் என்று வரிசையாகக் கரப்பந்தாட்டச் சுற்றுகள் வந்துவிடும். அதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வலயக் கல்வி அலுவலகங்களின் உடற்கல்விப் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே. அணியைப் பதிவு செய்யும் படிவத்தில் பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம், அதிபரின் முத்திரை எல்லாம் கேட்கிறீர்கள். கூடவே இரண்டு நிரல்களைச் சேருங்கள். முதலாவது, பிள்ளையின் குதிப்பு, மூன்று மாத இடைவெளியில் இரு தடவை அளந்தது. இரண்டாவது, முழங்காலில் வலி உண்டா, ஆம் அல்லது இல்லை. நிரப்பி வரும் படிவங்களை வாசித்துப் பார்த்துவிட்டு, மலையே போதுமா என்பதைப் பிறகு பேசுவோம்.